சிவப்பு மைத் திருத்தம்

அத்தியாயம் 6

"என்னைத் தேட வேண்டாம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போன மனிதரைத் தேடுவதற்காக, அந்த மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார் கண்டக்டர்.

கண்டக்டர் என்றால் இப்போது கண்டக்டர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர், முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு டீச்சரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். டீச்சரும் டீச்சர் இல்லை. மூன்றே வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். அது நடந்து பதினெட்டு வருஷமாகிறது. ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் லேசில் உரியுமா?

"லிஃப்ட் இருக்குன்னு கீழே எழுதிப் போட்டிருக்கானே, டீச்சர்?"

"வேலை செய்யுதுன்னு எழுதலையே."

கதவைத் திறந்தவள் காணாமல் போனவரின் மகள். பேக்கரியில் ரொட்டி பாக்கெட் போடும் பிரிவில் வேலை. காலை ஐந்து மணி ஷிஃப்ட் முடிந்து வந்தவள், தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை. அழுது ஓய்ந்த முகம். கண்டக்டருக்கு வாயில் வந்த அடுத்த ஜோக் அப்படியே உள்ளே போய்விட்டது.

"நேத்து விடிகாலையில நான் கிளம்பும்போது அப்பா தூங்கிட்டிருந்தார். தம்பிதான் கூட இருந்தான். அவன் ஆறரைக்கு எழுந்து பார்த்தப்போ படுக்கையில ஆள் இல்லையாம். மத்தியானம் நான் வந்தப்போ மேஜையில அப்பாவோட கண்ணாடிக்கு அடியில இது இருந்துச்சு."

நீட்டிய காகிதத்தை டீச்சர் வாங்கினார். நீல மையில் நான்கே வரி, இடையில் ஒரு சிவப்புத் திருத்தம்.

*என்னைத் தேட வேண்டாம். நானாகவே போகிறேன். இதற்கு வீட்டில் யாரும் காரணம் இல்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.*

"அப்பா கையெழுத்துதானா?"

"அவர் எழுத்தை எந்த இருட்டுலயும் சொல்லிடுவேன், டீச்சர். நாப்பது வருஷம் அச்சகத்துல புரூஃப் திருத்தினவர். நாலு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்துச்சு. ஆண்டவன் புண்ணியத்துல கை கால் விழலை, பேச்சும் போகலை. தனியா இருக்கக்கூடாதுன்னு இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்." அவள் வலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். "நேத்து முதல்ல நான் ஸ்டேஷன்ல மனு கொடுத்தேன். இந்தக் கடிதத்தைக் காட்டினதும், 'வயசு வந்தவர், அவரா போயிருக்கார், மனுவை வாபஸ் வாங்கிக்கங்க'ன்னு எழுதி வாங்கிட்டாங்க. அவர் மாத்திரை டப்பா இங்கேயே இருக்கு. ரத்தம் கட்டாம இருக்கப் போடற மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. நேத்திலேர்ந்து மூணு வேளை தவறிடுச்சு. நான் என்ன குறை வச்சேன்? ஏன் இப்படிப் போனார்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளை உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. அப்பா காணாமல் போன துக்கம் ஒரு பக்கம், தன்னைப் பிடிக்காமல் போனாரோ என்ற வேதனை இன்னொரு பக்கம். எது கனம் என்று கேட்டால் அவளே திணறியிருப்பாள்.

பெரியவரின் அறை கைக்கடக்கமாக இருந்தது. கட்டில், மேஜை, டம்ளரில் குத்தி வைத்த நான்கு சிவப்புப் பேனாக்கள், மூலையில் மடித்து அடுக்கிய பேப்பர் கட்டு.

"தினம் பேப்பர் படிப்பாரா?" என்றார் டீச்சர்.

"ஒரு நாள் விடமாட்டார். படிக்கிறது செய்திக்காக இல்லை, தப்புக்காக. எங்க அச்சுப்பிழை இருந்தாலும் சிவப்புல சுழிச்சிடுவார். ஸ்ட்ரோக்குக்கு அப்புறமும் அதை விடலை. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

டீச்சர் மேலேயிருந்த பேப்பரை விரித்துப் பார்த்தார். இன்னொன்றை விரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சுவர் அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியில் தட்டில் விரித்திருந்த பழுப்பேறிய பேப்பரை உருவினார். அது போன வருஷத்துப் பேப்பர், பழைய வீட்டிலிருந்து அலமாரியோடு வந்தது. இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

"கண்டக்டர், சிவப்புச் சுழியை மட்டும் படிங்க."

கண்டக்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். பழைய பேப்பரில் சுழித்த ஒவ்வொன்றும் நிஜமான பிழைதான். கால் விட்டுப்போன எழுத்து, இரண்டு தடவை அச்சான சொல், தலைகீழாக நின்ற எண். பக்கம் முழுக்க, மூலை முடுக்கெல்லாம் பேனா புகுந்து வந்திருந்தது. புதுப் பேப்பருக்கு வந்தார். முதல் சுழி 'மழை'. இரண்டாவது 'அமைச்சர்'. மூன்றாவது 'நேற்று'.

"என்ன டீச்சர் இது? இதுல ஒரு தப்பும் இல்லையே!"

"இல்லை. அதோட, சுழியெல்லாம் பக்கத்தோட இடது பாதியிலதான் இருக்கு. வலது பாதி வெறிச்சோடிக் கிடக்கு." டீச்சர் குரலைத் தணித்தார். மகள் சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். "மூணு வருஷம் விடைத்தாள் திருத்தினவ நான். படிக்காமலே டிக் போடற வாத்தியாரோட டிக் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இவர் படிக்கலை. படிக்கிற மாதிரி பொண்ணுக்குக் காட்டியிருக்கார்."

"பிடிக்காம படிக்கலையா, முடியாம படிக்கலையா?"

"அதைத்தான் டாக்டர்கிட்ட கேட்கப்போறோம்."

கிளம்பும்போது டீச்சர் கடிதத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததைக் கண்டக்டர் கவனித்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டார். டீச்சர் இப்படி வாயை மூடிக்கொண்டால் கண்டக்டருக்கு நாக்கு அரிக்கும்.

---

நரம்பு டாக்டரின் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் மூளை இருந்தது. துண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம். ஒரு துண்டின் கொக்கி உடைந்துபோய், ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"டாக்டர் மூளைக்கே இந்தக் கதியா?" என்றார் கண்டக்டர்.

"வர்றவங்க எல்லாம் கழட்டிப் பார்க்கிறாங்க, மாட்ட மட்டும் யாரும் கத்துக்கலை." டாக்டர் சிரித்தார். டீச்சர் வந்த காரியத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. "காணோமா? நேத்து வர்றதா இருந்தாரே! ஒன்பது மணிக்குப் போன்கூட வந்துச்சு, 'பஸ் லேட்டு, வந்துக்கிட்டே இருக்கோம்'னு. அப்புறம் ஆளே வரலை."

டீச்சர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். "அவரால படிக்க முடியுமா, டாக்டர்?"

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். குறிப்பா பொண்ணுகிட்ட. 'நாப்பது வருஷம் அடுத்தவன் தப்பைப் படிச்சு வயித்தைக் கழுவினவன் சார் நான்'னார். இப்போ உயிர் விஷயம், அதனால சொல்றேன்." பிளாஸ்டிக் மூளையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். "பார்க்கிற வேலை இங்கே, பிடரிப் பக்கம். இவருக்கு இடது பக்கம் செத்துப்போச்சு. அதனால வலது பக்கமா வர்ற எதுவும் கண்ணுல விழாது. வலப்பக்க மூளை நல்லாத்தான் இருக்கு, அது எழுத்தைப் பார்க்குது. ஆனா எழுத்தைச் சொல்லா மாத்தற இடம் இடது பக்கம், இதோ இங்கே. ரெண்டையும் சேர்க்கிற நரம்புக் கட்டும் அடிவாங்கிடுச்சு."

"டிப்போவும் நல்லாயிருக்கு, பஸ்ஸும் நல்லாயிருக்கு. நடுவுல பாலம் இடிஞ்சுபோச்சு" என்றார் கண்டக்டர்.

"என் மாணவங்களுக்கு இதை இவ்வளவு சுருக்கா நான் சொன்னதே இல்லை." டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதுல வேடிக்கை என்னன்னா, எழுதற வேலை வேற இடம், வேற வழி. அது அப்படியே இருக்கு. பேர், வயசு, முகவரி எழுதுங்கன்னேன். கடகடன்னு எழுதிட்டார். அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே தாளைக் காட்டினா, 'யார் எழுதினது இது, ஏதோ கோடு கோடா இருக்கே'ங்கறார். தான் எழுதினதையே அவரால படிக்க முடியலை."

முத்து முத்தான கையெழுத்து. பேர், அதன் கீழே வயது, அதன் கீழே முகவரி: *வீடு எண் 14, அச்சகக் குடியிருப்பு.*

"இந்த முகவரியிலயா இருக்கார்?"

"அப்படித்தானே எழுதியிருக்கார்? ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலயும் இதுதான்."

"இது பழைய வீடு. நாலு மாசமா பொண்ணு வீட்டுல இருக்கார்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "கவனிச்சிருக்கணும் நான். புது விஷயத்தைச் சேர்த்து வைக்கிற இடம் உள்ளுக்குள்ள, காதுக்கு நேரா இருக்கு. அதுலயும் கொஞ்சம் சேதம். பழசு எல்லாம் பத்திரமா இருக்கும், புதுசு நிக்காது. இந்தக் கை முப்பது வருஷமா எழுதின முகவரியைத்தான் இன்னமும் எழுதும்."

"கண்ணால முடியலைன்னா வேற வழியே இல்லையா?"

"இருக்கு. அதைத்தான் வாராவாரம் பழக்கறேன். எழுத்து மேல விரலை வச்சுத் தடவினா, விரல் போற போக்கை வச்சு என்ன எழுத்துன்னு கண்டுபிடிச்சிடுவார். ஒவ்வொரு எழுத்தா, உச்சி வேர்க்க. போன வாரம் 'கடல்'ங்கற ஒரு சொல்லுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஆனா படிச்சார். படிச்சுட்டு அழுதார்."

கண்டக்டர் ரப்பர் பேண்டு போட்ட துண்டை விரலால் தொட்டார். நெற்றிக்கு நேராக இருக்கும் பாகம். "இது என்ன பண்ணும், டாக்டர்?"

"அதுவா? அடக்கம், பொறுமை, எதை எங்கே பேசணும்ங்கற நிதானம். அங்கே அடிபட்டா கை, கால், பேச்சு எல்லாம் சரியா இருக்கும், மனுஷன் மட்டும் மாறிப்போயிருப்பார். சொந்தக்காரங்க திமிர்னு நினைப்பாங்க."

கண்டக்டர் கையை எடுத்துக்கொண்டார். அவருடைய அண்ணன் டிரைவர். ஒரு விபத்தில் நெற்றி கண்ணாடியில் மோதித் தையல் போட்டார்கள். காயம் ஆறிப்போனது, அதற்குப் பிறகு அண்ணன் தொட்டதற்கெல்லாம் கத்தினார். தங்கை கல்யாணத்தில் சபையில் வைத்து இவரைக் கேட்கக் கூடாத வார்த்தை கேட்டார். பேச்சு நின்று இரண்டு வருஷமாகிறது. திமிர் என்றுதான் இவரும் நினைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது அவருக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

வெளியே வந்ததும் டீச்சர் கடிதத்தை எடுத்து நீட்டினார். "இப்போ பாருங்க. மூணாவது வரி."

'இதற்கு' என்ற சொல்லுக்குப் பின்னால் சின்னக் கூரை போல ஒரு சிவப்புக் கீறல். அதன் மேலே, வரிக்கு நடுவில், விட்டுப்போன 'வீட்டில்' என்ற சொல் சிவப்பு மையில் நுழைந்திருந்தது.

"எழுதி முடிச்சுத் திரும்பப் படிச்சுத் திருத்தியிருக்கார். தொழில் பழக்கம், சாகப் போறப்போ எழுதினாலும் புரூஃப் பார்க்காம விடமாட்டார். ஆனா இவரால..."

"படிக்க முடியாது!" கண்டக்டர் துள்ளினார். உடனே சந்தேகமும் வந்தது. "விரலால தடவிப் படிச்சிருந்தா?"

"ஒரு சொல்லுக்கு ரெண்டு நிமிஷம்னார். நாலு வரியைத் தடவி, விட்டுப்போன ஒரு சொல்லை இவ்வளவு நேரா நுழைக்கணுமா? அதையும் விடுங்க. காகிதத்தை வெளிச்சத்துல பிடிங்க. எட்டா மடிச்ச மடிப்பு, மடிச்ச இடமெல்லாம் பழுத்து நைஞ்சுபோயிருக்கு. மேஜையில விரிச்சு வைக்க எழுதின கடிதத்தை யாராவது எட்டா மடிப்பாங்களா? இது ஸ்ட்ரோக்குக்கு முன்னாடி எழுதினது, கண்டக்டர். வருஷக்கணக்கா முன்னாடி."

"அப்போ நேத்து மேஜையில வச்சது?"

"ஆறரைக்கே அப்பாவைக் காணோம்ன ஒருத்தர், ஒன்பது மணிக்கு 'வந்துக்கிட்டே இருக்கோம்'னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கார். அவரைத்தான் இப்போ பார்க்கப்போறோம்."

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஒரு காதில் விழுந்ததை இன்னொரு காது தாரை வார்த்துவிட்டது.

---

தம்பியின் கடை போன் ரிப்பேர்க் கடை. இரண்டு ஆள் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். முப்பது வயசுக்காரன், பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் இடுக்கியால் ஒரு துளி திருகாணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு கேள்வி, தம்பி" என்றார் டீச்சர். "நேத்து ஒன்பது மணிக்கு அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார்?"

திருகாணி விழுந்தது. அது எங்கே உருண்டது என்று அவன் பார்க்கவே இல்லை.

"பஸ் ஸ்டாண்டுல" என்றான். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். "பெஞ்சுல உட்கார வச்சேன். எதிர்க் கட்டடத்துல ஒரு கஸ்டமருக்குப் போனைக் கொடுக்க வேண்டியிருந்துச்சு. பத்து நிமிஷத்துல வந்துடறேன்னேன். அந்த ஆள் இது சரியில்லை, அது சரியில்லைன்னு நிறுத்தி வச்சுட்டான். திரும்பி வந்தப்போ முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு. பெஞ்சு காலி."

"அக்காகிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? 'அஞ்சு மணியிலேர்ந்து நிக்கிறேன்டா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற அந்த ஒரு வேலையை நீ பார்த்துக்கோ'ன்னு அக்கா கேட்டது அது ஒண்ணுதான். பஸ் ஸ்டாண்டு பூரா ஓடித் தேடினேன், டீச்சர். கிடைக்கலை. கடைக்கு வந்து உட்கார்ந்தேன். இழுப்பறையில இந்தக் கடிதம் இருந்துச்சு. அக்கா வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போய் மேஜையில வச்சுட்டேன்."

"எப்போ எழுதினது?"

"பதினோரு வருஷம் ஆச்சு. அம்மா போன மூணாம் மாசம். எனக்கு பத்தொன்பது வயசு. நான்தான் முதல்ல பார்த்தேன். ரயில் ஸ்டேஷன் வரைக்கும் ஓடி, அப்பாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். அக்காவுக்குத் தெரியவேண்டாம்னு ஒளிச்சு வச்சேன். கிழிக்க மனசு வரலை." அவன் இடுக்கியை மேஜையில் போட்டான். "அப்பாவா போனார்னா அக்கா என்னை வெறுக்கமாட்டான்னு நினைச்சேன். சாயங்காலத்துக்குள்ள எங்கேயாவது கிடைச்சிடுவார்னு நினைச்சேன்."

கண்டக்டருக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது, தோளைத் தட்டவேண்டும் போலவும் இருந்தது. ஒரு தடவை அப்பாவை மீட்டுக் கொண்டுவந்த அதே கடிதத்தை வைத்து இன்னொரு தடவை தொலைத்திருக்கிறான். இதற்கு என்ன தண்டனை என்று எந்தச் சட்டத்திலும் இருக்காது.

"தேடறதுக்கு எங்கே ஆரம்பிக்கிறது, டீச்சர்? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நாப்பது ஊருக்கு பஸ் போகுது" என்றார் கண்டக்டர்.

"நீங்கதான் சொல்லணும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். போர்டு படிக்கத் தெரியாத ஒருத்தர், தனியா வீட்டுக்குத் திரும்பணும், வாய்விட்டுக் கேட்க வெட்கம். என்ன பண்ணுவார்?"

கண்டக்டர் யோசிக்கவே இல்லை. "துண்டுச்சீட்டு! முகவரியை எழுதி கண்டக்டர் கையில கொடுத்துடுவாங்க. 'கண்ணாடி கொண்டு வரலை, இந்த இடத்துல இறக்கி விடு'ம்பாங்க. நான் எத்தனை பேரை அப்படி இறக்கி விட்டிருக்கேன்! இவருக்குத்தான் எழுத வருமே, எழுதி..." அவர் வாய் பாதியில் நின்றது. "அய்யோ, டீச்சர். அந்தக் கை என்ன முகவரியை எழுதியிருக்கும்?"

"வீடு எண் பதினாலு. நாப்பது வருஷம் ஊரார் தப்பையெல்லாம் பிடிச்ச மனுஷன். தான் எழுதின ஒரு வரியில இருந்த தப்பை அவரால பார்க்க முடியலை." டீச்சர் எழுந்துவிட்டார். "தம்பி, அக்காவுக்குப் போன் போடுங்க. மாத்திரை டப்பாவோட கீழே வந்து நிக்கச் சொல்லுங்க. நடந்ததை நான் சொல்லமாட்டேன். வண்டியில நீங்களே சொல்லுங்க."

---

வண்டியில் அவன் சொன்னான். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அச்சகம் மூடி வருஷங்களாகின்றன. குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள். பூட்டிய கதவுகள், சுவரில் சுண்ணாம்பால் எழுதிய எண்கள், வாசலில் ஒரு தகரக் கொட்டகை. அங்கிருந்த வாட்ச்மேன் இவர்களைப் பார்த்ததும் கோபத்தோடு எழுந்து வந்தான்.

"வந்தீங்களா? நேத்து காலையில ஒரு துண்டுச்சீட்டோட பஸ்ல வந்து இறங்கினார் சார், அப்போலேர்ந்து இங்கேதான் இருக்கார்! 'பையன் வருவான், பத்து நிமிஷம்னு சொன்னான்'னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கார். புது வீடு எங்கேன்னா தெருப் பேர் ஞாபகம் வரலைங்கறார். போன் நம்பர் எல்லாம் நோட்டுல இருக்காம், நோட்டு வீட்டுல இருக்காம். நேத்து சாயங்காலம் ஸ்டேஷனுக்கே போய்ச் சொன்னேன். 'காணாம போனதா ஒரு மனுவும் இல்லை, போய்யா'ன்னு அனுப்பிட்டாங்க!"

நேற்று சாயங்காலம். மனுவை வாபஸ் வாங்கிய பிறகு. தம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டிலில் பெரியவர் இருந்தார். சட்டை கசங்கி, உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. மகள் ஓடிப்போய் அவர் கையைத் தொட்டாள். வலது பக்கமாகப் போனதால் அவருக்குத் தெரியவில்லை. திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினார்.

"வந்துட்டியாம்மா? வேலைக்குப் போகலையா?"

அவள் மாத்திரையை எடுத்து வாயில் வைத்துத் தண்ணீரைப் புகட்டினாள். பாதி அவர் சட்டையில் சிந்தியது. வாசலில் போனைக் காதில் வைத்திருந்த டீச்சர், டாக்டர் உடனே கூட்டிவரச் சொல்கிறார் என்றார்.

"ஏம்ப்பா சொல்லலை, படிக்க முடியலைன்னு?"

பெரியவர் முகம் சுருங்கியது. "தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"தினம் காலையில பேப்பரை வாங்கிட்டு வந்து ஆசையா கொடுப்பே. அதுல ஒரு எழுத்துகூட எனக்கு எழுத்தாத் தெரியலைன்னு எப்படிம்மா சொல்றது?" வாசல் பக்கம் பார்த்தார். "தம்பி எங்கே? பத்து நிமிஷம்னானே, அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

தம்பி உள்ளே வந்தான். கட்டிலின் இடது பக்கம், அப்பா கண்ணில் படுகிற இடத்தில் நின்றான். அக்காதான் பேசினாள், தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

"அப்பா, எனக்கு ஒண்ணு தெரியணும். நீங்க எங்களை விட்டுட்டுப் போகணும்னு நினைச்சீங்களா?"

டீச்சர் கடிதத்தை அவர் மடியில் வைத்தார். பெரியவர் அதைப் பார்த்தார். பார்த்ததில் பயனில்லை. வலது கை ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் மேல் வைத்து, மெதுவாக அதன் வளைவில் போனார். உதடு முணுமுணுத்தது. "எ... ன்... னை..." நெற்றியில் வேர்வை பூத்தது.

மூன்று சொல் படிக்க ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும். படித்து முடித்ததும் விரல் அங்கேயே நின்றது.

"இதுவா?" என்றார். மகனை ஏறிட்டுப் பார்த்தார். "இன்னுமா வச்சிருக்கே?"

தம்பி தலையாட்டினான்.

"அம்மா போன புதுசுல எழுதினதும்மா. அப்போ அப்படித் தோணுச்சு, உண்மைதான். இவன்தான் வந்து இழுத்துட்டுப் போனான்." பெரியவர் கையை நீட்டினார். "பேனா இருக்கா? சிவப்பு."

டீச்சர் பையில் எது இல்லாவிட்டாலும் சிவப்புப் பேனா இருக்கும். அதை அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தார். பெரியவர் இடது கை விரலால் 'வேண்டாம்' என்ற சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் தேடிப் பிடித்தார். ஒரே கீறல், சொல் அடிபட்டது. 'தேட' என்பதன் பக்கத்தில் சின்னக் கூரை போட்டு, அதன் மேல் இரண்டே எழுத்தைச் சேர்த்தார். எழுதும்போது அந்தக் கை நடுங்கவில்லை.

கண்டக்டர் வெளியே வந்துவிட்டார். கண்ணில் தூசி என்று சொன்னால் டீச்சர் நம்பமாட்டார் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, இரண்டு வருஷமாகத் தொடாத அண்ணன் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே பெரியவரின் குரல் கேட்டது. நாற்பது வருஷத்தில் யாரிடமும் அவர் கேட்டிராத ஒன்றை மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரியா எழுதியிருக்கேனான்னு எனக்குத் தெரியாது. நீ படிச்சுப் பார்த்துச் சொல்லும்மா."

அவள் படித்தாள்.

"'என்னைத் தேடவும்.' சரியாத்தான் இருக்குப்பா."